வயிறு தொடர்பாக

ஜெர்மனி
2 பிப்ரவரி 2025

மாஹிராவின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நேற்று போனை வைத்தது நான்தான். சிக்னல் போய்விட்டது என்று மாமியிடம் சொல்லியிருப்பீர்கள். சிக்னல் நன்றாகவே இருந்தது.

கடையில் ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, "இன்னிக்கு எத்தினி வாட்டி போனே?" என்று கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் விநாயகம் அண்ணன், "ஓமத்தைக் கொதிக்க வெச்சு குடிக்கச் சொல்லுப்பா" என்கிறார். அவர் பட்டா மாற்ற மனு அடிக்க வந்தவர். அவருக்குப் பின்னால் இன்னொரு குரல், "ஓமம் சூடு, மோர்தான் சரி" என்றது. அது யார் என்றுகூட எனக்குத் தெரியாது. செஞ்சி தாலுகா ஆபீசுக்கு வருகிற வல்லத்துக்காரர், தொண்டூர்க்காரர் எல்லோரும் என் வயிற்றுக்கு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் ஜெராக்ஸ் எடுக்கிறார்கள் போல.

இனி என் உடம்பைப் பற்றி எழுத்தில்தான் பேச்சு. போனில் நம் பிள்ளை மாஹிராவுடனும் மாமியுடனும் பேசுவேன். ஊருக்கெல்லாம் மனு அடிக்கிறீர்கள். எனக்கும் மெயிலில் நாலு வரி அடியுங்கள்.

நிலைமை இது. வந்து மூன்று மாதம் ஆகிறது. முதலில் உப்புசமாக இருந்தது. பிறகு வலி. இப்போது ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை போகிறது. முதியோர் இல்லத்தில் என் பொறுப்பில் பதினான்கு பேர். அவர்களில் பாதிப் பேரை நான்தான் கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டும். ஒருவரை உட்கார வைத்துவிட்டு அடுத்த கதவுக்கு நான் ஓடுகிறேன்.

சமைக்க நேரமில்லை. பன்றி இல்லாதது, சாராயம் சேராதது என்று பார்த்துப் பார்த்துக் கழித்தால் தட்டில் மிஞ்சுவது ரொட்டிதான். மூன்று வேளையும் அதுதான். டாக்டர் ஏழு நிமிடம் பார்த்தார். புது நாடு, புது மொழி, பிள்ளையைப் பிரிந்த ஏக்கம் என்றார். வயிற்று நிபுணரைப் பார்க்கத் தேதி கேட்டேன். மே மாதம்தான் கிடைத்தது.

மே 31 வரை நான் தகுதிகாண் பணியாளர். அதுவரை காரணம் சொல்லாமலே என்னை அனுப்பிவிடலாம். ஒன்பது நாள் லீவு எடுத்தாகிவிட்டது.

நிதா

—

செஞ்சி
4 பிப்ரவரி 2025

பொருள்: வயிறு தொடர்பாக.
பார்வை: தங்களின் 2.2.2025 நாளிட்ட கடிதம்.

நிதாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம். முறைக்காதே, விரல் தானாக அப்படித்தான் அடிக்கிறது.

ஸ்பீக்கரில் போட்டது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஒரு கையில் ஆதார் அட்டை, இன்னொரு கையில் மவுஸ், நான் என்ன செய்ய? விநாயகம் அண்ணனும் அக்கறையில்தான் சொன்னார். மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம் ஓமமே கொடுத்தனுப்பினார்.

ஆனால் நானும் ஒன்று கேட்கிறேன். பதினோரு வருஷத்தில் நீ வயிறு என்று படுத்து நான் பார்த்ததில்லை. ரத்தம் குறைவு என்று மாத்திரை சாப்பிடுவாய், அதோடு சரி. அங்கே போன மூன்றாவது மாதமே இப்படி என்றால் எனக்கு என்ன தோன்றும்? போக வேண்டாம் என்று நான் சொன்னேன். போயே தீருவேன் என்று ஒன்றரை வருஷம் ஜெர்மன் படித்தவள் நீ. இருக்கப் பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல், நிதா. வயிற்றைச் சாக்கு வைக்காதே. திரும்பி வந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எழுதிவிட்டேன். எத்தனை நாள்தான் மனதில் வைத்துக்கொண்டிருப்பது.

அது இருக்கட்டும். ரொட்டியை விடு. அம்மா இரண்டு நாளாக அடுப்படியை விட்டு நகரவில்லை. கேழ்வரகு, கம்பு, சம்பா கோதுமை, பாசிப்பயறு, கொள்ளு, பொட்டுக்கடலை, ஜவ்வரிசி, ஏலக்காய் என்று தனித்தனியாக வறுத்துக் கொடுத்தாள். நான் வீராசாமி மில்லில் நின்று அரைத்து வந்தேன். முன்னால் மிளகாய் அரைத்திருந்தார்கள் என்று ஒரு படி அரிசி போட்டு மிஷினைக் கழுவச் சொன்னேன். ஐந்து கிலோ சத்துமாவு. பை மேல் என்னென்ன இருக்கிறது என்று நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். சாம்பார்ப் பொடி, பெருங்காயம், ஓமம் எல்லாம் இருக்கிறது. கூரியரில் போட்டாகிவிட்டது.

"பச்சப்புள்ளைக்கே ஒத்துக்கிற கஞ்சி. ரெண்டு வேளை குடிக்கச் சொல்லு, குடல் தன்னால ஆறும்" என்கிறாள் அம்மா.

அப்சல்

—

ஜெர்மனி
21 பிப்ரவரி 2025

மாஹிராவின் அத்தாவுக்கு,

சாக்கு என்று எழுதினீர்கள். அந்தச் சொல்லுக்குப் பதினேழு நாளாகப் பதில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் நடந்ததை மட்டும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

போன திங்கட்கிழமை காலை திருமதி க்ரூகரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். எண்பத்தெட்டு வயது. கணவரோடு இறைச்சிக்கடை நடத்தியவர். யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார். நான் குனிந்து அவர் காலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வயிறு பிசைந்தது. கதவு நான்கடி தூரம்தான். ஈரத் தரையில் அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை. நான் போகவில்லை. நின்ற இடத்திலேயே ஆகிவிட்டது.

அவருக்குப் புரிந்தது. விரலை நீட்டி, "அந்த அலமாரியில் என்னுடைய டயப்பர் இருக்கிறது. ஒன்று எடுத்துப் போட்டுக்கொள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்றார். எடுத்துப் போட்டுக்கொண்டு மதியம்வரை வேலை பார்த்தேன்.

திரும்பி வரச் சாக்கு தேடுகிறவள் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பாள். எனக்கு ஊருக்கு வர வேண்டும் என்றால் வர வேண்டும் என்றே சொல்வேன். அதற்கு வாய் இருக்கிறது.

பார்சல் வந்தது. பையைப் பிரித்ததும் வறுத்த வாசனை அறை முழுக்க நிறைந்தது. உங்கள் மேல் இருந்த கோபத்தோடேயே கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். ருசியாக இருந்தது. மாமியிடம் சொல்லுங்கள். காலையும் இரவும் அதைத்தான் குடிக்கிறேன். வயிறு இன்னும் சரியாகவில்லை.

நிதா

—

செஞ்சி
24 பிப்ரவரி 2025

நிதாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கடையில் ஆள் இருந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் தெரியாது. நீ போனில் "பரவால்லை, பரவால்லை" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாய்? தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன். எழுதியது எழுதியாகிவிட்டது, விடு.

நோன்பு வருகிறது. "சீக்காளிக்கு நோன்பு கடமை இல்ல. அப்புறமா வெச்சிக்கலாம்னு சொல்லு" என்கிறாள் அம்மா. கஞ்சியை விடாதே.

அப்சல்

—

ஜெர்மனி
31 மார்ச் 2025

மாஹிராவின் அத்தாவுக்கு,

இங்கே நேற்றே பெருநாள். ஈத் முபாரக்.

மாமி சொன்னதைக் கேட்காமல் நோன்பு வைத்தேன். சாப்பிட்டாலும் வலிக்கிறது, சாப்பிடாமல்தான் இருந்து பார்ப்போமே என்று ஒரு வீம்பு. விடியுமுன் சஹருக்குத் தயிர்சோறு. நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம். பிறகு பச்சரிசியும் பாசிப்பருப்பும் போட்ட நோன்புக் கஞ்சி. ரொட்டிப் பக்கமே போகவில்லை. ஒரே நாளில் இரண்டு கஞ்சி வேண்டாம் என்று சத்துமாவையும் எடுத்து வைத்துவிட்டேன்.

பத்தாம் நோன்பிலிருந்து வயிறு அடங்கிவிட்டது! மாதம் முழுக்க ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ். ஒருவேளை அந்த டாக்டர் சொன்னதுதான் சரியோ, மனதுதான் காரணமோ என்றுகூட நினைத்தேன். அப்படி நினைத்ததும் உங்கள் முகம் ஞாபகம் வந்தது. உடனே நிறுத்திக்கொண்டேன்.

ஆனால் ரொம்ப இளைத்துவிட்டேன். சீருடை தொளதொளக்கிறது. தெம்புக்காக நாளையிலிருந்து மறுபடி சத்துமாவு, இரண்டு வேளையும்.

நிதா

—

செஞ்சி
9 ஏப்ரல் 2025

பொருள்: வயிறு சரியானது தொடர்பாக.

நிதாவுக்கு,

படித்ததும் அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "நான் சொல்லல? நம்ம மாவு குடிச்சா நிக்காத வயிறும் நிக்கும்" என்றாள். நோன்பில் நீ அதைக் குடிக்கவே இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கட்டும்.

இளைத்துவிட்டாய் என்றதும் மறுநாளே அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள். இந்தத் தடவை வலுவுக்காகச் சம்பா கோதுமையை இரண்டு பங்காகப் போட்டிருக்கிறாள். நேற்று அனுப்பினேன்.

இங்கே மாஹிராதான் படுத்துகிறாள். பள்ளிக்கூடம் கிளம்பும்போது சரியாக வயிற்றைப் பிடித்துக்கொள்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் மட்டம். பூச்சி மருந்து கொடுத்தாகிவிட்டது. ஏழு வயசுக்கு வளர்த்தி போதவில்லை என்று அம்மா இவளுக்கும் காலையில் ஒரு டம்ளர் சத்துமாவுக் கஞ்சி கொடுக்கிறாள். குடித்துவிட்டு, "வலிக்குது அத்தா" என்கிறாள். "ஸ்கூலுக்குப் போகாம இருக்க நல்லா கத்துக்கினே" என்று நேற்று கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. நீ போனில் பேசும்போது கொஞ்சம் கண்டித்து வை.

அப்சல்

—

ஜெர்மனி
25 ஏப்ரல் 2025

மாஹிராவின் அத்தாவுக்கு,

பன்னிரண்டு நாளாக நான் போனில் பேசாததற்குக் காரணம் கேட்டு மாமி அழுததாக மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள். நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். அதைச் சொன்னால் விசா எடுக்க ஓடுவீர்கள், கடையில் எல்லோரும் கூடிவிடுவார்கள் என்று சொல்லவில்லை.

பெருநாள் கழிந்து பத்து நாளில் முன்னைவிட மோசமாகிவிட்டது. தண்ணீர் குடித்தாலும் ஓடினேன். பதிமூன்றாம் தேதி வேலையில் மயங்கி விழுந்தேன். ஹீமோகுளோபின் ஆறுக்கு இறங்கியிருந்தது. ரத்தம் ஏற்றினார்கள்.

அங்கே ஒரு பெண் டாக்டர், சின்ன வயசுதான், கட்டிலில் உட்கார்ந்து, "எப்போது நன்றாக இருந்தாய், அப்போது என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்டார். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் அதைக் கேட்டார். நோன்பைச் சொன்னேன். "எப்போது திரும்பியது?" என்றார். சத்துமாவைச் சொன்னேன். அதில் என்ன இருக்கிறது என்றார். கூட வேலை செய்யும் பெண்ணிடம் பையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நீங்கள் எழுதி ஒட்டிய காகிதம். உங்கள் கையெழுத்தை ஒவ்வொன்றாக ஜெர்மனில் சொல்லிக்கொண்டே வந்தேன். கேழ்வரகு, கம்பு. மூன்றாவதில் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கோதுமை. என் உடம்புக்குக் கோதுமை ஆகாது. சீலியாக் என்கிறார்கள். கோதுமையில் இருக்கும் ஒரு சத்து குடலின் உள்பக்கத்தை அரித்துவிடுகிறதாம். சாப்பிடுவது எதுவும் ஒட்டாதாம். ரத்தம் குறைவு என்று வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கினேனே, அதுவும் இதனாலாக இருக்கலாமாம். செஞ்சியில் சோறு, இட்லி என்று ஓடிக்கொண்டிருந்தது, தெரியவில்லை. இங்கே மூன்று வேளை ரொட்டி. அதற்கு மருந்தாகக் காலையும் இரவும் உங்கள் கஞ்சி. பெருங்காயத் தூளில்கூட மைதா சேர்ப்பதுண்டாம்.

உங்கள் மேலும் மாமி மேலும் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. யார் மேல் என்று தெரியாததால் கைக்கு எட்டின எல்லார் மேலும் இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். ரத்தப் பரிசோதனை ஆமாம் என்கிறது. ஆனால் குடலில் குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாம். மே 19. அதுவரை நான் கோதுமை சாப்பிட வேண்டுமாம். தினம் இரண்டு துண்டு ரொட்டி. நிறுத்தினால் குடல் ஆறிவிடும், சோதனையில் ஒன்றும் தெரியாது. விஷம் என்று சொல்லிவிட்டு, அதையே தின்னச் சொல்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. இது ரத்த வழியில் வரும். பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும் என்றார் டாக்டர். மாஹிராவைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் ஆஸ்பத்திரியில்தான் படித்தேன். அவளை உடனே காட்டுங்கள்.

நிதா

—

செஞ்சி
27 ஏப்ரல் 2025

நிதாவுக்கு,

நீ மயங்கி விழுந்து பன்னிரண்டு நாள் கழித்து எனக்குத் தெரிகிறது. நான் யார்? ஊரில் எவனோ ஒருவனா?

கோதுமை எப்படி விஷமாகும்? இங்கே டாக்டரிடம் கேட்டேன். "சர்க்கரை வியாதிக்காரங்களுக்கே நாங்க கோதுமைதான் சாப்பிடச் சொல்றோம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு திரும்பி வந்தேன். அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொல்லிவிட்டேன். "நான் என் மருமவளுக்கு விஷமா வறுத்துக் குடுத்தேன்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அடுப்படிக்கே வரவில்லை. மாஹிராவும் நானும் தோசை வாங்கிச் சாப்பிடுகிறோம்.

நீ கிளம்பி வா. சோதனையும் வேண்டாம், வேலையும் வேண்டாம். ஆகாது என்று தெரிந்த பிறகு சாப்பிடச் சொல்கிறவன் டாக்டரா? ஒரு துண்டு ரொட்டி நீ தொடக் கூடாது. வேலை போனால் போகட்டும். இங்கே வந்து சோறு தின்றுகொண்டு நன்றாக இரு. இது நான் சொல்வது.

மாஹிராவுக்கு ஒன்றுமில்லை. எல்லாப் பிள்ளைக்கும்தான் வயிறு வலிக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் சரியாகிவிடும். அவளையும் நோயாளி ஆக்காதே.

அப்சல்

—

ஜெர்மனி
22 மே 2025

மாஹிராவின் அத்தாவுக்கு,

சாப்பிட்டேன். தினம் இரண்டு துண்டு. உங்கள் கடிதம் வந்த அன்றும் சாப்பிட்டேன்.

வேலையை விடாமல் எப்படிச் சமாளித்தேன் தெரியுமா? வேலை முடிந்த பிறகுதான் ரொட்டி. ராத்திரி வலியை என் அறையில் வைத்துக்கொண்டேன். ஒருநாள் வேலை முடிந்து இல்லத்திலேயே கையில் துண்டை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்ததைத் திருமதி க்ரூகர் பார்த்துவிட்டார். "வெண்ணெய் தடவிக்கொள், சீக்கிரம் இறங்கும்" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷி. ஆனால் அது வேலை செய்தது.

திங்கட்கிழமை எண்டோஸ்கோபி. இன்று முடிவு வந்தது. உறுதி. குடலின் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்துபோயிருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கோதுமை, பார்லி கிடையாது. அதை நிறுத்தினால் வேறு மருந்தே வேண்டாம்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக இல்லத்தின் தலைமைச் செவிலியிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன், குளியலறை உட்பட. அவர், "இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்றார். எனக்கே இன்றுதானே உறுதியாகத் தெரியும் என்றேன். வேலையில் தொடரலாம் என்றார். சோதனை வேண்டாம் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் காகிதம் இருந்திருக்காது. ஜூன் ஒன்றாம் தேதி எனக்கு இங்கே வேலையும் இருந்திருக்காது.

மாமியிடம் நானே பேசினேன். "உங்க மாவாலதான் மாமி நோயைக் கண்டுபிடிச்சாங்க. பையில எழுதியிருந்ததாலதான் தெரிஞ்சுது" என்றேன். பிறகு, "கேவுரு ஆகுமாம்மா உனக்கு?" என்று கேட்டார்கள். கேழ்வரகு ஆகும் மாமி என்றேன்.

மாஹிரா விஷயம். அவளை நோயாளி ஆக்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்று வீடியோவில் அவள் கை மணிக்கட்டைப் பார்த்தேன். என் வேலையே மெலிந்த உடம்புகளைப் பார்ப்பதுதான். புதுச்சேரிக்கு அழைத்துப் போங்கள். என்ன பரிசோதனை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். யாரிடமும் யோசனை கேட்க வேண்டாம். சிரிக்கிற டாக்டரிடம் போக வேண்டாம். அதுவரை அவள் சாப்பிடுவதை மாற்றவும் வேண்டாம்.

நீங்கள் அழைத்துப் போகவில்லை என்றால் நான் வருவேன். அப்போது வேலையை விட்டுவிட்டுத்தான் வருவேன்.

நிதா

—

புதுச்சேரியிலிருந்து செஞ்சிக்கு வரும் வழியில், பஸ்ஸில்
19 ஜூன் 2025

நிதாவுக்கு,

போன மாதமே ரத்தம் எடுத்துக் கொடுத்தேன். அதன் முடிவை உனக்குச் சொல்லவில்லை. உறுதியாகட்டும் என்றிருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்ததை எனக்குச் சொல்லாததும் இப்படித்தான் என்று இப்போது புரிகிறது.

நேற்று முன்தினம் மாஹிராவுக்கு மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டார்கள். அம்மாவும் வந்திருந்தாள். உள்ளே தூக்கிக்கொண்டு போகும்போது பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ்தான் விரலைப் பிரித்துவிட்டார்.

இன்று முடிவு. அவளுக்கும் அதேதான்.

டாக்டர் கெட்டிக்காரர். "இந்த ஊர்ப் பக்கம் இதை யாரும் யோசிக்கிறதில்ல. யாருங்க டெஸ்ட் எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார். என் மனைவி என்றேன். இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்ததால் ஒரு வருஷத்தில் நன்றாக வளர்ந்துவிடுவாளாம். சோறு, இட்லி, கேழ்வரகு, கம்பு எல்லாம் ஆகும். பிஸ்கட், பரோட்டா, சேமியா கிடையாது. பள்ளிக்கூடத்தில் பிறந்தநாளுக்குக் கொடுக்கும் கேக்கை நினைத்தால்தான் எனக்குக் கவலை. அம்மா இப்போதே மில்லில் தனியாக அரைக்க முடியாது, வீட்டுக்கே ஒரு சின்ன மிஷின் வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மாஹிரா கேட்டாள்.

"அத்தா, ரிப்போர்ட்ல இன்னா போட்டிருக்குது?"

"அம்மாவுக்கு வந்ததுதாம்மா உனக்கும். கோதுமை சாப்ட்டா வயிறு வலிக்கும்."

"நெஜமாவே வலிக்கும்னு போட்டிருக்குதா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் பொய் சொல்லல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். அழவில்லை. ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்ததைக் கீழே வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏழு வயசுப் பிள்ளை, வலியைவிட நான் நம்பாததைத்தான் பெரிதாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அத்தா தப்பா சொல்லிட்டேம்மா" என்றேன்.

"அம்மாகிட்டயும் சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"ஏன்?"

ஊரில் எல்லோருக்கும் எத்தனையோ மனு அடித்திருக்கிறேன். எவ்வளவு பெரிய விஷயத்தையும் அரைப் பக்கத்தில் முடிப்பேன். இதற்கு நாலு மாதம் ஆகிவிட்டது.

நிதா, நான் தப்பாகச் சொல்லிவிட்டேன். உனக்கு வலித்தது. நான் நம்பவில்லை.

திண்டிவனம் தாண்டிவிட்டோம். மாஹிரா என் தோளில் சாய்ந்துகொண்டு நான் போனில் அடித்ததை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டு வருகிறாள். அவள் படித்து முடிக்கும்வரை அனுப்பக் கூடாதாம். இப்போதுதான் முதல் பத்தியில் இருக்கிறாள்.

அப்சல்